தனிக்குரல் கேட்கும் வகுப்பறை

தொடக்கப்பள்ளி ஒன்றைக் கடந்து போகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஓசை அது. ஆசிரியர் ஒரு வரியைச் சொல்கிறார். முப்பது குழந்தைகள் அதை இழுத்து, ராகம் போட்டுத் திருப்பிச் சொல்கிறார்கள். தெருவில் நிற்கிறவர் காதுக்கு அது ஒரே குரல். உள்ளே போய்க் குழந்தைகளின் கண்களையும் விரல்களையும் கவனித்தால் விஷயம் வேறாக இருக்கும். சிலர் வரியின்மேல் விரல் நகர்த்தி உண்மையிலேயே படிக்கிறார்கள். சிலரின் விரல் மூன்றாம் வரியில் நிற்க, வாய் ஐந்தாம் வரியைச் சொல்கிறது. சிலர் ஜன்னலைப் பார்த்தபடி மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை வரி முடிகிற இடத்தில் மட்டும் மற்றவர்களோடு குரல் சேர்த்துக்கொள்கிறது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுப்புகிற ஓசையைக் கேட்டுத்தான் ‘வகுப்பு நன்றாகப் படிக்கிறது’ என்று சொல்லிவிடுகிறோம்.

சேர்ந்து சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. பாட்டுக்கு அது வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை வாய் திறக்க அது துணை. ஆனால் வாசிப்பு ஒரு குழந்தையின் கண்ணுக்கும் மனத்துக்கும் இடையில் நடக்கிற காரியம். அது எங்கே தட்டுகிறது என்று அறிய அந்தக் குழந்தையின் குரலைத் தனியாகக் கேட்டாக வேண்டும். அப்படி ஒருமுறைகூடக் கேட்கப்படாமலே ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுகிற பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் சிறுகுழு வாசிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

முறை எளியது. ஏறத்தாழ ஒரே நிலையில் படிக்கிற நான்கைந்து குழந்தைகளை ஆசிரியர் தன்னைச் சுற்றி உட்கார வைக்கிறார். எல்லார் கையிலும் ஒரே சிறு நூல், ஆளுக்கொரு பிரதி. படிப்பதற்கு முன் கதையைப் பற்றி இரண்டு நிமிடம் பேச்சு. புதிதாக வரப்போகிற ஓரிரு சொற்களைக் காட்டிவிடுவார். பிறகு ஒவ்வொரு குழந்தையும் தனக்குத்தானே, தாழ்ந்த குரலில், தன் வேகத்தில் படிக்கும். ஒருவர் படிக்க மற்றவர்கள் காத்திருக்கிற வரிசை முறை இங்கே இல்லை. ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையின் பக்கமாகவும் சாய்ந்து சிறிது நேரம் கேட்கிறார், ஒரு சொல் உதவி செய்கிறார், அடுத்த குழந்தையிடம் போகிறார். முடிந்ததும் கதையைப் பற்றிப் பேச்சு. எல்லோரும் தடுமாறிய ஒரு சொல்லையோ எழுத்தையோ எடுத்துச் சிறு பாடம். மொத்தம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் வகுப்பின் மற்றப் பிள்ளைகள் தாமாகச் செய்யக்கூடிய வேலையில் இருப்பார்கள்.

இந்த ஏற்பாடு இன்றைய வடிவத்துக்கு வந்தது நியூசிலாந்தில், 1960களில். அந்நாட்டின் உளவியல் அறிஞர் மேரி கிளே, பள்ளிக்குப் புதிதாக வந்த நூறு குழந்தைகளை அவர்களுடைய முதல் ஆண்டு முழுவதும் தொடர்ந்து கவனித்தார். 1966இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு அதுதான். அதிலிருந்து பிறந்த கருவி மிகச் சாதாரணமானது: ஒரு தாள், ஒரு பென்சில். குழந்தை படிக்கப் படிக்க, சரியாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு கோடு. தவறாகச் சொன்னால் என்ன சொன்னது என்பதை அப்படியே எழுத வேண்டும். நின்றதா, திரும்பப் போனதா, தானே திருத்திக்கொண்டதா என்பதற்கும் குறிகள் உண்டு. நூறு சொல்லில் 95 அல்லது அதற்கு மேல் சரி என்றால் அந்த நூல் குழந்தைக்கு எளிது. 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு படிக்க ஏற்றது. அதற்கும் கீழே என்றால் கடினம், வேறு நூல் எடுக்க வேண்டும். 1996இல் ஐரீன் ஃபவுண்டாஸ், கே சூ பின்னெல் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய நூலின் வழியே இந்த முறை அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் பரவியது. நூல்களை எளியதிலிருந்து கடினம் வரை ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளால் நிலைப்படுத்தியவர்கள் அவர்கள்.

மேரி கிளேயின் குறிகளில் என்னை மிகவும் ஈர்ப்பது தானே திருத்திக்கொண்டதற்கான குறி. ‘கொடி’ என்று படித்துவிட்டு, ஒரு கணம் நின்று, திரும்பிப் போய் ‘கொக்கு’ என்று சொல்கிற குழந்தை தன் வாசிப்பைத் தானே கேட்கத் தொடங்கிவிட்டது. சொன்னது பொருந்தவில்லை என்று அதன் மனம் கண்டுபிடித்திருக்கிறது. கற்றலில் அதைவிட நல்ல செய்தி ஆசிரியருக்கு வராது. முப்பது பேர் சேர்ந்து படிக்கும்போது இந்தச் செய்தி யார் காதிலும் விழாது. ‘கொடி’ என்ற தவறும் கேட்காது, ‘கொக்கு’ என்ற திருத்தமும் கேட்காது.

*

இரண்டாம் வகுப்பு ஒன்றின் மூலையில் பாய் விரித்திருக்கிறது. நான்கு குழந்தைகள், நடுவில் டீச்சர். கையில் உள்ள சிறு நூலில் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகள்தான். ‘பாட்டி கொல்லைக்குப் போனார். கூடையைத் தூக்கினார். உள்ளே கோழி இல்லை. குஞ்சுகள் கத்தின.’ படத்தில் கவிழ்த்து வைத்த பெரிய மூங்கில் கூடை இருக்கிறது.

முதல் பையன், ‘பாட்டி கொல்லைக்குப் போனாங்க’ என்று படிக்கிறான். அச்சில் இருப்பது ‘போனார்’. மதிப்பெண் போடுகிறவர் இதைப் பிழை என்பார். ஆனால் அவன் அச்சுத்தமிழைப் படித்து, பொருளைப் புரிந்துகொண்டு, பாட்டியை எப்படிச் சொல்ல வேண்டுமோ அந்த மரியாதையோடு தன் வீட்டுத் தமிழில் சொல்லிவிட்டான். டீச்சர் அவனை நிறுத்தவில்லை. கதை முடிந்த பிறகு அந்த வரிக்குத் திரும்பி, ‘புத்தகத்துல எப்படி எழுதியிருக்காங்க, பாரு’ என்று கடைசி எழுத்தைக் காட்டுகிறார். நடுவில் நிறுத்தியிருந்தால் பையன் கதையை விட்டுவிட்டு எழுத்துக்குப் பயப்படத் தொடங்கியிருப்பான்.

இரண்டாவது சிறுமி கோழி வளர்க்கிற வீட்டிலிருந்து வருகிறவள். ‘பஞ்சாரத்தைத் தூக்கினார்’ என்று தயங்காமல் படிக்கிறாள். படத்தில் இருப்பது பஞ்சாரம்தான். நூலை எழுதியவரைவிட அவளுக்கு அந்தப் பொருளை நன்றாகத் தெரியும். ஆனால் அவள் சொல்லைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள். ‘ஆமா, நம்ம ஊர்ல அதுக்குப் பஞ்சாரம்னுதான் பேரு. இங்க என்ன எழுத்து இருக்கு? விரல வச்சுப் பாரு கண்ணு.’ விரல் ‘கூ’வில் போய் நிற்கிறது. ‘கூ...டை... கூடை!’ அவளுடைய அறிவுக்கும் மதிப்பு கிடைத்தது, எழுத்தின் பக்கமும் அவள் கண் திரும்பியது.

மூன்றாவது பையன் ‘கேழி’ என்கிறான். இது கவனக்குறைவு இல்லை. ‘கோ’ என்ற எழுத்தில் இரட்டைக் கொம்பு முன்னால் வருகிறது, துணைக்கால் பின்னால் வருகிறது. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது முதலில் சந்திப்பது கொம்பையும் ககரத்தையும்தான். அவற்றை மட்டும் பார்த்தால் அது ‘கே’. பையன் காலைப் பார்க்கும் முன்பே ஒலித்துவிட்டான். டீச்சர் விரலால் துணைக்காலை மறைத்து ‘இது என்ன?’ என்கிறார். ‘கே.’ விரலை எடுத்து, ‘இப்ப?’ ‘கோ.’ ‘அப்ப இது என்னது?’ ‘கோழி.’ அவனுக்கு வேண்டியிருந்தது அந்த அரை நிமிடப் பாடம்தான். ‘நல்லா பார்த்துப் படி’ என்று ஆயிரம் முறை சொன்னாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது.

நான்காவது சிறுமி மளமளவென்று படித்து முடிக்கிறாள். ஒரு பிழையும் இல்லை. பெரிய வகுப்பில் அவள்தான் எழுந்து நின்று படிக்க அழைக்கப்படுகிறவள். ‘குஞ்சுகள் ஏன் கத்துச்சு?’ என்று கேட்கிறார் டீச்சர். விழிக்கிறாள். மறுபடி பக்கத்தைப் பார்க்கிறாள். காரணம் அச்சில் இல்லை. தாய்க்கோழி கூடைக்குள் இல்லை என்ற முந்தைய வரியையும் குஞ்சுகளின் கத்தலையும் அவள்தான் இணைக்க வேண்டும். அந்த வேலையை யாரும் இதுவரை அவளிடம் கேட்டதில்லை. ‘அம்மா கோழியக் காணோம்ல, அதான்’ என்று பஞ்சாரச் சிறுமி பதில் சொல்கிறாள். நால்வரில் தடுமாறிப் படித்த ஒருத்தி, தடுமாறாமல் படித்தவளுக்குக் கதையைத் திறந்து காட்டுகிறாள்.

நான்கு குழந்தைகளுக்கு நான்கு வேறு தேவைகள். ஒருவனுக்குச் சிறிது பொறுமை. ஒருத்திக்கு எழுத்தின் பக்கம் ஒரு திருப்பம். ஒருவனுக்குத் துணைக்கால். ஒருத்திக்கு ஒரு கேள்வி. கரும்பலகை முன் நின்று மொத்த வகுப்புக்கும் ஒரே பாடம் நடத்துகிற ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த நான்கையும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது. அவை தேவை என்பதே அவருக்குத் தெரிய வராது.

*

பஞ்சாரச் சிறுமி செய்ததை வைத்துத்தான் மேற்கே பெரிய சண்டை நடந்திருக்கிறது. தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், வாக்கியத்தை வைத்து ஊகி, முதலெழுத்தைப் பார்த்துச் சொல்லிப் பார் என்று குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தது அங்கே பல வகுப்பறைகளில் சிறுகுழு வாசிப்பின் பகுதியாகவே இருந்தது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகக் கற்பிப்பது அவசியம் என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இலேயே அறிக்கை கொடுத்திருந்தது. 2022இல் எமிலி ஹான்ஃபோர்டு என்ற பத்திரிகையாளரின் ஒலித்தொடர் இந்த ஊகப் பழக்கத்தால் எத்தனை பிள்ளைகள் படிக்கத் தெரியாமலே வளர்ந்தார்கள் என்பதைப் பெற்றோர்களின் வாயால் சொல்ல வைத்தது. பல அமெரிக்க மாநிலங்கள் அந்தப் பயிற்சியைச் சட்டம் போட்டுத் தடுத்தன. மேரி கிளேயின் நாடான நியூசிலாந்திலேயே 2025 முதல் அரசுப் பள்ளிகளில் எழுத்தொலியைப் படிப்படியாகக் கற்பிக்கும் முறை கட்டாயம் ஆகிவிட்டது.

இந்த விமரிசனத்தை நாம் முழு மனத்தோடு ஏற்க வேண்டும். தமிழில் ஊகத்துக்கு இன்னும் குறைவான இடமே உண்டு. ஆங்கிலத்தைப் போல் எழுத்து ஒன்று, ஒலி வேறு என்று நம் குழந்தையை அலைக்கழிக்கிற மொழி இல்லை இது. ககரம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறி ஒலிக்கும். தமிழ் பேசி வளர்ந்த குழந்தையின் நாக்கு அதைத் தானே சரிசெய்துகொள்ளும். உயிரும் மெய்யும் சேரும் விதத்தைப் பிடித்துக்கொண்டால் எந்தச் சொல்லையும் எழுத்துக்கூட்டிவிடலாம். நம் சுமை வேறு இடத்தில் இருக்கிறது. 247 எழுத்துகள், கொம்பும் காலும் சுழியும், உகர ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து உருமாறுவது, ணகர னகரமும் லகர ளகர ழகரமும். இவற்றை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துச் சொல் என்பது குழந்தைக்குச் செய்கிற துரோகம்.

ஆனால் அந்தச் சண்டையில் தோற்றது ஊகம். சிறுகுழு தோற்கவில்லை. பஞ்சாரச் சிறுமி ஊகித்தாள் என்பதைக் கண்டுபிடித்ததே பாயில் உட்கார்ந்திருந்த ஆசிரியரின் காதுதான். கூட்டுக் குரலில் அவளுடைய ஊகம் மறைந்தே போயிருக்கும். எழுத்தைக் கற்பிப்பது மொத்த வகுப்பிலும் நடக்கலாம். கற்ற எழுத்து குழந்தையின் வாசிப்பில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது சிறுகுழுவில்தான் நடக்கும்.

அயலிலிருந்து அளவுகோல்களை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாகப் பிரிந்து நிற்பது தமிழில் ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்று ஒரே சொல்லாக வரும். அந்த ஒரு சொல்லைத் தாண்ட ஒரு குழந்தை எடுக்கிற நேரத்தில் இன்னொரு மொழிக் குழந்தை ஒரு வரியையே முடித்திருக்கும். அதே சொல்லைக் குழந்தை ‘பள்ளிக்கூடத்துலேர்ந்து’ என்று படித்தால் முழுச் சொல்லும் பிழை என்று எண்ணுவதா? மேரி கிளேயின் 90, 94 என்ற எண்களைத் தமிழில் அப்படியே பொருத்தினால் பேச்சுத்தமிழ் நாவில் உள்ள குழந்தை எப்போதும் ‘கடினம்’ என்ற பட்டியலிலேயே நிற்கும். எண்ணுவதைவிட எந்தப் பிழை எதனால் என்று எழுதிவைப்பதுதான் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

*

குழுவாகப் பிரித்துக் கற்பிப்பது நமக்குப் புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு மணலில் எழுத்துக் கற்றுக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789இலிருந்து நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் பள்ளியில் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே கற்பிக்கிற ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797இல் அதைப் பற்றி அவர் வெளியிட்ட நூலின் வழியே இங்கிலாந்துப் பள்ளிகளில் அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. அங்கே அதன் முதல் கவர்ச்சி சிக்கனம்: ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். குழுவாகப் பிரிப்பதில் அன்றிலிருந்தே இரண்டு நோக்கங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று ஆளைக் குறைப்பது. மற்றொன்று குழந்தையின் அருகில் போவது. எந்தத் திட்டம் வந்தாலும் இந்த இரண்டில் எது அதை நடத்துகிறது என்று கேட்டாக வேண்டும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில், செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான முறை அதற்கு முன்மாதிரி. சில ஆண்டுகளில் அது தமிழகத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் விரிந்தது. ஆசிரியரின் நாற்காலி போயிற்று, அவர் தரையில் உட்கார்ந்தார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆசிரியர் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவர் உதவி, தானே கற்றல் என்று குழுக்கள் பிரிந்தன. குழந்தை ஏணிப்படியில் தன் வேகத்தில் அட்டை அட்டையாக மேலேறியது. நம் கல்வி வரலாற்றில் அது பெரிய காரியம். பிரம்பின் இடத்தில் பாய் வந்தது. ஆனால் பல பள்ளிகளில் நாளடைவில் அட்டையே ஆசிரியராகிவிட்டது. குழந்தை தட்டிலிருந்து அட்டையை எடுக்கும், முடிக்கும், அடுத்ததை எடுக்கும். அதனிடம் கதை பேச, அது படிப்பதைக் கேட்க ஆசிரியருக்கு நேரம் இல்லை. எந்தக் குழந்தை எந்தப் படியில் என்று குறிப்பதிலேயே பொழுது போயிற்று.

2022 ஜூனில் வந்தது தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். கொரோனாக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் எழுத்தை இழந்த பிள்ளைகளை மீட்கும் நோக்கம். ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி குழுக்கள். வயதையும் வகுப்பையும் பார்க்காமல் குழந்தை நிற்கிற இடத்திலிருந்து கற்பிப்பது பலன் தரும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு, பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகப் பிரித்து அந்தந்தப் பகுதி இளம்பெண்களைக் கொண்டு கற்பித்தபோது முன்னேற்றம் தெரிந்தது. அதை அளந்து காட்டியவர்களில் இருவர் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும். 2019இல் நோபல் பெற்றவர்கள். அதே பிரதம் 2005 முதல் நடத்தும் ‘அசர்’ கணக்கெடுப்பில் தொண்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து, குழந்தையின் அருகில் அமர்ந்து, ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். தேர்வுகளும் மதிப்பெண்களும் மறைத்து வைத்திருந்த உண்மையை நாட்டுக்குச் சொன்னது இந்த எளிய செயல்தான். வெளியிலிருந்து வருகிற ஒருவர் செய்கிற இதை வகுப்பாசிரியரே வாரம்தோறும் செய்ய நாம் ஏன் வழி அமைத்துக்கொடுக்கவில்லை?

*

தடைகளை ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். முதலாவது, ஆள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டத்துக்குப் போவார், பதிவேடு பார்ப்பார். மீதி ஒருவர் பாயில் நான்கு பேரோடு உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? இரண்டாவது, கைப்பேசிச் செயலி. குழந்தை படிப்பதைக் கேட்பதற்கு எடுத்த நேரத்தைவிட, கேட்டதைப் பதிவேற்ற எடுக்கிற நேரம் அதிகம் என்று ஆசிரியர்கள் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

மூன்றாவது தடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை: நூல். சிறுகுழு வாசிப்புக்கு ஒரே நூலின் ஐந்தாறு பிரதிகள் வேண்டும். நம் பள்ளி நூலகத்துக்கு நூறு நூல் வந்தால் நூறும் வெவ்வேறு தலைப்பு, தலைப்புக்கு ஒரு பிரதி. தனியே எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு அது நல்லது. நான்கு பேர் சேர்ந்து ஒரு கதையைப் படித்துப் பேச அது உதவாது. எளிய தமிழ்ச் சிறுநூல்கள் இன்று இல்லாமல் இல்லை. துளிகாவும் பிரதம் புக்ஸும் வெளியிட்டவை உண்டு. ஸ்டோரிவீவர் தளத்தில் நிலைவாரியான கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் அழகான சிறுநூல்களைக் கொண்டுவந்திருக்கிறது. இவற்றில் பத்துத் தலைப்புகளைத் தேர்ந்து ஆறாறு பிரதிகளாகக் கொடுத்தால் போதும். ஒரு வகுப்பின் ஓராண்டு வாசிப்பு மாறிவிடும்.

ஆபத்தும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. குழுவின் பெயர் குழந்தையின் பெயராகிவிடும். ‘அவன் அரும்புதாங்க’ என்று ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் சொல்கிறபோது அது பையனின் காதில் விழுகிறது. அரும்பு என்று அழகாகப் பெயர் வைத்தாலும் கடைசிக் குழு எது என்று குழந்தைகளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். அந்தக் குழுவில் எந்தத் தெருப் பிள்ளைகள் அதிகம் என்று பார்த்தால் நம் ஊரின் பழைய கோடுகள் பாயின்மேலும் விழுந்திருப்பது தெரியும். வீட்டில் நூல் இல்லாத பிள்ளை, காலையில் பசியோடு வந்த பிள்ளை, தாயோடு வேலைக்குப் போய்விட்டு வாரத்தில் மூன்று நாள் வருகிற பிள்ளை. இவர்களை ஒன்றாக உட்காரவைத்து ஆண்டு முழுவதும் அங்கேயே விட்டுவிட்டால் நாம் செய்தது வாசிப்புப் பயிற்சி ஆகாது, பிரித்து வைத்தல் ஆகும்.

இதற்கு மருந்து முறைக்குள்ளேயே இருக்கிறது. குழு சில வாரங்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. துணைக்கால் தடுக்குகிற மூன்று பேர் இந்த வாரம் ஒன்றாக உட்காரலாம். அது தெளிந்ததும் கலைய வேண்டும். கதை கேட்பதும் பாட்டும் நாடகமும் எப்போதும் எல்லோரும் கலந்து நடக்க வேண்டும். தயங்கிப் படிக்கிறவர்களுக்கு ஆசிரியரின் நேரம் அதிகமாகப் போக வேண்டும்; நடைமுறையில் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிறவர்களுக்கே அது போகிறது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் வகுப்புச் சுவரைத் தாண்டிக் குழு அமைக்கவும் தடை இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் முதல் வகுப்புப் பிள்ளையும் ஒரு கதையைச் சேர்ந்து படிப்பதில் அவமானம் ஏதும் இல்லை, பெரியவர்கள் அதை அவமானம் ஆக்காதவரை.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் முப்பது பேர் என்றால் ஐந்து பேர் கொண்ட ஆறு குழுக்கள். நாளுக்கு இரண்டு குழு, குழுவுக்கு இருபது நிமிடம் என்றால் வாரத்தில் பத்து அமர்வுகள். ஆறு அமர்வுகளில் எல்லாக் குழுவையும் ஒருமுறை கேட்டுவிடலாம். மீதி நான்கும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு. ஒரு நாளில் நாற்பது நிமிடம்தான் கேட்கிறோம். அந்த நாற்பது நிமிடம் ஆசிரியரை யாரும் கூப்பிடக் கூடாது, புள்ளிவிவரம் கேட்கக் கூடாது, கைப்பேசி ஒலிக்கக் கூடாது. மற்றப் பிள்ளைகளோடு உட்கார ஊரில் இருந்து ஒருவர் வரலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் மாலை நேரத்துக்கு அத்தனை தன்னார்வலர்கள் கிடைத்தார்கள் என்றால் காலையில் ஒரு மணி நேரத்துக்கும் கிடைப்பார்கள்.

கல்வித் துறையில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது: அடுத்த திட்டத்துக்குப் பெயர் தேடும் முன், ஆசிரியருக்கு அந்த நாற்பது நிமிடத்தையும், பள்ளிக்கு ஒரே நூலின் ஆறு பிரதிகளையும் உறுதி செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்த மாதம் என் பிள்ளை தனியாகப் படித்ததை யார் கேட்டார்கள்? அதற்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடிகிற பள்ளியில் குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொள்வார்கள்.